பதினாலு நாலாகக் கேட்ட காலைகள்

ரிசப்ஷன் ஆண்ட்டி ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்தி, மறு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "தாத்தா, திரும்பச் சொல்லுங்க. சர்க்கரை நாலா?" மறுமுனையில் தாத்தா சொன்னது 'ஃபோர்ட்டீன்'. ஆண்ட்டிக்குக் கேட்டது 'ஃபோர்'. கடைசிப் பாதி வழியிலேயே போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். 4 என்றால் நம் ஊர்க் கணக்கில் 72. 14 என்றால் 252. ஒன்றுக்கு 'சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்' என்பார்கள், இன்னொன்றுக்கு 'உடனே வாருங்கள்' என்பார்கள். தாத்தாவை இருபது வருடமாகத் தெரிந்தவர் என்பதால், இவருக்கு 4 வராது என்று ஆண்ட்டி மறுபடி கேட்டார். புதிதாக வேலைக்கு வந்த பெண்ணாக இருந்திருந்தால் 4 என்றே எழுதி வைத்திருப்பாள்.

அந்த போன்களை அங்கே மாட்டியவன் நான். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மருத்துவ மையம். பழைய அனலாக் லைன்களை எடுத்துவிட்டு ஐபி போன்கள் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. 2023 ஜனவரி. எல்லாம் மணி அடித்தது, பேச முடிந்தது, கையெழுத்தும் வாங்கியாயிற்று. அன்று காலை ஆண்ட்டியின் மேஜைப் பக்கத்தில் நின்றபோதுதான் வேலை முடியவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்தச் சில வாரங்களில் கற்றதை எழுதி வைக்கிறேன். நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச், அதன் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். சுவிட்ச் போர்ட்டில் போனுக்கு என்ன போட வேண்டும் என்று தேடினால் நாலு வரிக் கட்டளை கிடைக்கும். அந்த நாலு வரியும் சரிதான். அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் பேச வேண்டும்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் ரிசப்ஷன், பில்லிங், மருந்துக் கவுண்டர், டாக்டர் அறைகள், எக்ஸ்ரே. அங்கே 36 போன்கள், எல்லாம் ஒரே 48 போர்ட் சிஸ்கோ 2960 வகைச் சுவிட்சில். மாடியில் சர்வர் அறை: அழைப்புகளை இணைக்கும் போன் சர்வர், எக்ஸ்ரே படங்கள் சேரும் சர்வர், ஒரு 3750 சுவிட்ச். இரண்டு தளத்துக்கும் நடுவே யாரோ எப்போதோ போட்ட ஃபைபரும், அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றும் 100 எம்பிபிஎஸ் மீடியா கன்வர்ட்டரும். 36 போன்களில் 20 சிஸ்கோ. மீதி 16 வேறொரு தயாரிப்பு. ரிசப்ஷனுக்குப் பக்கவாட்டில் பொத்தான் பலகை வேண்டும் என்பதால் அதை வாங்கினார்கள்.

போர்ட்டில் போட்டது இதுதான். டேட்டா வீலேன் 20, வாய்ஸ் வீலேன் 120. வீலேன் என்றால் ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க். கம்ப்யூட்டர் போனின் பின்னால் செருகப்பட்டிருக்கும், சுவரிலிருந்து ஒரே கேபிள். ஐபி போனுக்குள்ளேயே ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பாக்கெட்டை (தகவல் துண்டை) அது டேக் எதுவும் ஒட்டாமல் அப்படியே அனுப்பும், தன் குரல் பாக்கெட்டில் மட்டும் வீலேன் 120 என்று டேக் ஒட்டி அனுப்பும். அந்த டேக் நாலு பைட். அதில் மூன்று பிட் முன்னுரிமைக்கு, 0 முதல் 7 வரை. குரலுக்கு வழக்கமாக 5. ஆகவே போர்ட் ஆக்சஸ் மோடிலேயே இருக்கலாம், வாய்ஸ் வீலேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழக்கத்தில் சிலர் போன் போர்ட்டை டிரங்க் ஆக்கி எல்லா வீலேனையும் திறந்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். ஒரு மேஜைக் கேபிளில் சர்வர் வீலேன் வரைக்கும் கதவு திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

போர்ட்ஃபாஸ்ட் கட்டாயம். அது இல்லையென்றால், லூப் வராமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ 30 விநாடி போர்ட்டைப் பிடித்து வைக்கும். அதற்குள் போன் டிஎச்சிபியில் ஐபி முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துவிடும். கூடவே பிபிடியூ கார்டு: சுவிட்சுகள் தமக்குள் அனுப்பும் செய்தி மேஜைப் போர்ட்டில் வந்தால் அதை மூடிவிடும் காவல். இது ஏன் என்று ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. மேஜையை நகர்த்திய நர்ஸ் ஒருவர், தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கேபிளையும் சுவரிலேயே செருகிவிட்டார். போனின் ஒரு பக்கம் சுவர், மறு பக்கமும் சுவர். சுத்தமான லூப். பிபிடியூ கார்டு இருந்ததால் போர்ட் உடனே மூடிக்கொண்டது, போனது ஒரு போன் மட்டும். இல்லையென்றால் மொத்தத் தளமும் தடுமாறியிருக்கக்கூடும்.

சரி, காலைப் பிரச்சினைக்கு வருகிறேன்.

குரலை எண்ணாக்கும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் ஒரு பேச்சு எவ்வளவு இடம் பிடிக்கும்? 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், தலைப்புகளையும் ஈதர்நெட் சட்டத்தையும் சேர்த்தால் விநாடிக்கு சுமார் 87 கிலோபிட். 36 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் மூன்று மெகாபிட்டைச் சற்றே தாண்டும். 100 மெகாபிட் லைனில் அது ஒரு மூலைக்குக் காணாது. அதனால்தான் நானும் முதலில் க்யூஓஎஸ் (குரலுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு) போடவில்லை. 'லைன் காலியாகத்தானே கிடக்கிறது' என்ற கணக்கு. ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தைப் பார்த்தால் உண்மையாகவே காலியாகத்தான் இருந்தது.

சராசரிதான் என்னை ஏமாற்றியது. காலை எட்டு மணிக்கு டாக்டர்கள் வந்து, முந்தைய நாள் எடுத்த எக்ஸ்ரே படங்களை மாடி சர்வரிலிருந்து இறக்கிப் பார்ப்பார்கள். ஒரு படம் 20 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 மெகாபிட். 100 மெகாபிட் லைனை அது ஒன்றரை விநாடிக்கு மேல் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடச் சராசரியில் அது ஒரு சின்னப் புடைப்புகூட இல்லை. ஆனால் அந்த ஒன்றரை விநாடியில் ஒவ்வொரு பேச்சிலும் எண்பது பாக்கெட் அந்த வழியே போக வேண்டும். வரிசை நிரம்பியதும் சுவிட்ச் எதைத் தள்ளுவது என்று பார்க்காது. வந்தது எதுவோ அதைக் கீழே போடும். 'ஃபோர்ட்டீன்' என்ற சொல்லில் 'டீன்' என்பது பத்துப் பன்னிரண்டு பாக்கெட்தான்.

எனவே மாடிச் சுவிட்சிலும் தரைத்தளச் சுவிட்சிலும் க்யூஓஎஸ்ஸை இயக்கி, போன் போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சிஸ்கோவின் ஆட்டோ க்யூஓஎஸ் கட்டளையைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆண்ட்டி சொன்னார்: "மகனே, நேற்றைவிட மோசம்."

இங்கே நிற்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் பலர் இதே இடத்தில் ஒரு நாளைத் தொலைத்திருப்பீர்கள், அல்லது தொலைக்கப் போகிறீர்கள். இந்த வகைச் சுவிட்சுகளில் க்யூஓஎஸ் அணைந்திருக்கும்போது, பாக்கெட் என்ன முன்னுரிமை முத்திரையோடு வருகிறதோ அதே முத்திரையோடு வெளியே போகும். க்யூஓஎஸ்ஸை இயக்கிய நொடியில் கதை மாறுகிறது. 'நம்பு' என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாத ஒவ்வொரு போர்ட்டிலும் சுவிட்ச் முத்திரையை அழித்து 0 ஆக்கிவிடும். கூடவே வெளியேறும் வரிசையை நாலாகப் பிரிக்கும், இடத்தையும் நாலாகப் பங்கு போடும். முன்பு ஒரே பெரிய வரிசையில் நின்ற குரல் பாக்கெட், இப்போது முத்திரை இழந்து, சாதாரணக் கூட்டத்தோடு அதைவிடச் சின்ன வரிசையில் நிற்கிறது. மோசமாகாமல் என்ன செய்யும்?

ஆனால் எந்தப் போர்ட்டில் அழிகிறது? ஆட்டோ க்யூஓஎஸ் வழியாகப் போன் போர்ட்டுகளில்தான் நம்பச் சொல்லியிருந்தேனே. எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விதான் வழியைத் திறந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பையன், நாலாம் தலைமுறை. 'அண்ணா' என்ற ஒரு சொல்தான் தமிழில் வரும், மீதி ஆங்கிலம். "அண்ணா, ஆண்ட்டிக்கு அவர்கள் பேசுவது கேட்கவில்லையா, அவர்களுக்கு ஆண்ட்டி பேசுவது கேட்கவில்லையா?"

நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. 'வாய்ஸ் உடைகிறது' என்றதும் வேலையில் இறங்கிவிட்டேன். ஒரு பேச்சு என்பது ஒன்றல்ல, இரண்டு பயணம். போகும் குரல் தனி, வரும் குரல் தனி. இரண்டும் வெவ்வேறு போர்ட்டில் நுழைந்து வெவ்வேறு வரிசையில் நின்று வெளியே போகின்றன. உங்கள் போன் போர்ட்டில் நீங்கள் போடும் நம்பிக்கை, அந்தப் போனிலிருந்து கிளம்பும் குரலுக்கு மட்டும்தான் உதவும். அந்தப் போனுக்கு வரும் குரலுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

ஆண்ட்டிக்குத்தான் மற்றவர் பேச்சு கேட்கவில்லை. அதாவது மாடியிலிருந்து கீழே வரும் குரல். அது எந்தப் போர்ட்டில் 3750-க்குள் நுழைகிறது? போன் சர்வர் செருகியிருக்கும் போர்ட்டில். அங்கே போன் இல்லை என்பதால் நான் கையே வைக்கவில்லை.

சுவிட்சிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம், வேறு கருவி வேண்டாம். க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காட்டச் சொன்னால் டிஎஸ்சிபி எண்கள் (பாக்கெட்டின் ஐபி தலைப்பில் இருக்கும் முன்னுரிமை முத்திரை) ஐந்தைந்தாக ஒரு அட்டவணையாக வரும், உள்ளே வந்தது தனியாக, வெளியே போனது தனியாக. குரலின் டிஎஸ்சிபி முத்திரை 46. '45 - 49' என்ற வரிசையில் இரண்டாவது கட்டம். போன் சர்வர் போர்ட்டில் உள்ளே வந்த கணக்கில் அந்தக் கட்டம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. கீழே போகும் அப்லிங்க்கில் (இரண்டு சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டில்) வெளியே போன கணக்கில் அதே கட்டம் 0. அசையவே இல்லை. எல்லாம் முதல் கட்டத்தில், 0 என்ற முத்திரையின் கீழ், குவிந்து கிடந்தது. போன் சர்வர் சரியாகத்தான் முத்திரை குத்தி அனுப்பியது. என் சுவிட்ச் அதை வாசலிலேயே அழித்தது.

போன் சர்வர் போர்ட்டில் 'டிஎஸ்சிபியை நம்பு'. இரண்டு சுவிட்சின் அப்லிங்க்கிலும் நம்பு, முன்னுரிமை வரிசையையும் இயக்கு. அவ்வளவுதான். மூன்று போர்ட். அடுத்த நாள் காலை எட்டரைக்கு ஆண்ட்டி மேஜையிலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரம் பிற்பகல்களில் வேறொரு புகார் வந்தது. இப்போது ஆண்ட்டிக்கு நன்றாகக் கேட்கிறது, வெளியே இருப்பவர்களுக்கு ஆண்ட்டி பேசுவது விட்டு விட்டுக் கேட்கிறது. டாக்டர் அறைப் போன்களில் அப்படி இல்லை. தம்பியின் கேள்விக்கு விடை இப்போது புகாரிலேயே இருந்தது: கீழிருந்து மேலே போகும் குரல், ரிசப்ஷன் பக்கத்துப் போன்கள் மட்டும். பிற்பகலில் எக்ஸ்ரே அறை அன்றைய படங்களை மேலே அனுப்பும்.

டாக்டர் அறையில் சிஸ்கோ போன், ரிசப்ஷனில் மற்றது. ஆட்டோ க்யூஓஎஸ்ஸை நான் சிஸ்கோ போன் என்ற வகையில் கொடுத்திருந்தேன். அது போர்ட்டை நிபந்தனையோடு நம்பும்: சிஸ்கோ கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சிடிபி வழியாக எதிரே சிஸ்கோ போன் இருப்பது தெரிந்தால் நம்பும், இல்லையென்றால் நம்பாது. கம்ப்யூட்டர் ஒன்றை நேராகச் செருகி யாரும் முன்னுரிமை திருடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு தயாரிப்புப் போனுக்கு அது மூடிய கதவு. அந்தப் போர்ட்டின் க்யூஓஎஸ் நிலையைக் கேட்டபோது 'நாட் டிரஸ்டட்' என்று சுவிட்ச் தெளிவாகவே சொன்னது. கேட்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அதைத் தோண்டும்போது இன்னொன்றும் கிடைத்தது. அந்த 16 போன்களும் வாய்ஸ் வீலேனிலேயே இல்லை! ஐபி முகவரியைப் பார்த்தால் டேட்டா வீலேன் முகவரி. சிஸ்கோ போனுக்கு வாய்ஸ் வீலேன் எண்ணைச் சுவிட்ச் சிடிபியில் சொல்லிவிடும். மற்றவை அதற்கு ஈடான பொது முறையான எல்எல்டிபி-மெட் வழியாகக் கேட்கும். இந்தச் சுவிட்சில் எல்எல்டிபி இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். பதில் வராததால் போன்கள் டேக் இல்லாமல் டேட்டா வீலேனிலேயே முகவரி வாங்கி, போன் சர்வரைத் தேடிப் பிடித்துப் பதிவும் செய்துகொண்டன. மணி அடித்தது. பேச முடிந்தது. நானும் டிக் போட்டுவிட்டேன். முழுசாகச் செத்த போனை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். தப்பான வீலேனில் உயிரோடிருக்கும் போன்தான் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும். அன்றிலிருந்து போன் மாட்டியதும் மணி அடிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், எந்த வீலேன் முகவரி வாங்கியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

எல்எல்டிபியை இயக்கி, அந்த 16 போர்ட்டிலும் நிபந்தனை டிரஸ்ட்டை எடுத்துவிட்டு, 'டேக்கில் உள்ள முன்னுரிமையை நம்பு' என்று மாற்றினேன். கம்ப்யூட்டர் பாக்கெட்டில் டேக் இல்லை, ஆகவே அது 0 ஆகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். போனின் குரலுக்கு மட்டும் 5.

அப்புறம் மின்சாரம். இது குரல் தரத்தைப் போல நுணுக்கமானது இல்லை, வெறும் கூட்டல். ஆனால் அந்தக் கூட்டலைப் போடாமல் போனால் அவமானம்தான் மிஞ்சும். எங்கள் 48 போர்ட் சுவிட்சின் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தருவது) கொள்ளளவு 370 வாட். ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் 24 போர்ட்டுக்குச் சரியாக வரும், 48-க்கு வராது. சிஸ்கோ போன்கள் தங்களை 7 வாட் வகுப்பு என்று சொல்லின: 20 போனுக்கு 140. மற்ற 16-ம் மேல் வகுப்பு என்று சொன்னதால் சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் 15.4 ஒதுக்கியது: 246.4. கூட்டினால் 386.4. மாட்டிய அன்று மாலையே ஒன்றிரண்டு போன் விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றினோம், போனை மாற்றினோம். ஒன்று எரிந்தால் வேறொன்று அணைந்தது. போன் உண்மையில் குடிப்பது ஐந்தாறு வாட்தான். சுவிட்ச் பார்ப்பது குடிப்பதை அல்ல, கேட்பதை. போனின் தயாரிப்புத் தாளில் அதிகபட்சத் தேவையைப் பார்த்துவிட்டு, போர்ட்டுக்குப் போர்ட் நாமே அளவு ஒதுக்கினோம். ரிசப்ஷனின் இரண்டு போர்ட்டுக்கு மட்டும் நிரந்தரமாக முன்கூட்டியே பிடித்து வைத்தோம். யார் இருண்டாலும் அந்த இரண்டும் இருளக் கூடாது.

அந்த மாதம் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) ஆறாம் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேல் மின்சாரம் இருக்காது. பழைய சுவிட்சுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தது. அறுபது வாட் சுமைக்கு அது ஒரு வேளை வெட்டைச் சமாளித்துவிடும். புதுச் சுவிட்ச் தானும் எரிந்து 36 போனுக்கும் ஊட்டும்போது சுமை நாலு மடங்கு. யூபிஎஸ் அரை மணிகூட நிற்கவில்லை. பழைய அனலாக் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், ஊர் இருண்டாலும் டயல் டோன் இருக்கும். அந்தப் பழக்கத்தில் இருந்த வயதானவர்கள், மின்வெட்டு நேரத்தில் மையத்துக்குப் போன் செய்து யாரும் எடுக்காததைப் பார்த்துப் பயந்துபோனார்கள். ஒரு பாட்டி டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேரனைக் காரில் அனுப்பிவிட்டார். தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கென்று லித்தியம் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் அங்கே இருந்தது. அதன் மிச்சக் கொள்ளளவைக் கணக்குப் போட்டு, போன் சுவிட்ச், மாடிச் சுவிட்ச், போன் சர்வர், இரண்டு மீடியா கன்வர்ட்டர் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். அந்தக் கன்வர்ட்டர்களை முதல் தடவை மறந்துவிட்டோம். இரண்டு சுவிட்சும் எரிகிறது, நடுவில் உள்ளங்கை அளவு டப்பா ஒன்று அணைந்து கிடக்கிறது! ஐபி போன் போடுகிறவர்கள் யூபிஎஸ் கணக்கையும் அதே விலைப்புள்ளியில் எழுத வேண்டும். 'அது எலக்ட்ரீஷியன் வேலை' என்று நான் ஒதுங்கியது தப்பு.

பின்னாளில் அந்தக் கன்வர்ட்டர்களைக் கழற்றிவிட்டு ஃபைபரை நேராகச் சுவிட்சில் செருகி ஒரு கிகாபிட் ஆக்கினோம். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருந்தால் முத்திரைத் தவறுகள் எல்லாம் மறைந்து கிடந்திருக்கும், புது ஸ்கேன் கருவி வரும் நாளில் வெளியே வரும். நெரிசல் இருக்கும்போதே முத்திரையைச் சரி செய்தது நல்லதாகப் போயிற்று.

இந்த மருத்துவ மையத்தின் குழுவுக்கு வடக்கே டொங்காட்டில் ஒரு சின்னக் கிளை உண்டு. ஆறு போன், ஒரு சுவிட்ச். சின்னது என்பதால் ஆட்டோ க்யூஓஎஸ் இல்லாமல் கையாலேயே எழுதினேன்: டேக்கை நம்பு, முடிந்தது. அங்கிருந்து வரும் குரல் மட்டும் உடைந்தது, இங்கிருந்து போவது நன்றாக இருந்தது. மறுபடி ஒரு திசை. இந்தத் தடவை பாக்கெட்டின் நகலை எடுக்கச் சுவிட்சில் மிரர் போர்ட் வைத்து, வயர்ஷார்க் மென்பொருளில் பிடித்தோம். 46 என்ற முத்திரை ஐபி தலைப்பின் பைட்டில் 184 என்று தெரிய வேண்டும். 160 என்று இருந்தது, அதாவது 40. டேக்கில் உள்ள 5-ஐ டிஎஸ்சிபியாக மாற்றும் இயல்பு அட்டவணையில் 5-க்கு எதிரே 40 என்றுதான் இருக்கும். எட்டால் பெருக்கிய கணக்கு. ஆட்டோ க்யூஓஎஸ் அதைத் தானே 46 ஆக மாற்றிவிடும், கையால் எழுதினால் நாம் மாற்ற வேண்டும். சுவிட்சுக்கு 40-ம் 46-ம் ஒரே முன்னுரிமை வரிசைதான், அதனால் உள்ளே தெரியவில்லை. கிளையை இங்கோடு இணைக்கும் ரவுட்டரோ 46-ஐ மட்டும் குரல் என்று எடுத்துக்கொண்டது, 40-ஐப் பொதுக் கூட்டத்தில் விட்டது. ஒரே ஒரு எண்ணை மாற்றினோம்.

இப்போது எந்த இடத்தில் போன் மாட்டினாலும் ஒரு சோதனை செய்கிறேன். அது ஆண்ட்டி கொடுத்தது. அவருடைய ஆயா (பாட்டி) அவரை மடியில் வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார், ஒன்றிலிருந்து இருபது வரை. 1860-இல் முதல் கப்பல் மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை. வீட்டில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது, எண் மட்டும் தமிழில் நின்றிருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், காவடிக்காக விரதம் இருந்தார். மதியம் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) வாங்கி எங்களுக்கும் கொடுத்துவிட்டு, "இப்போ டெஸ்ட் பண்ணலாமா?" என்றார். வேண்டுமென்றே எக்ஸ்ரே சர்வரிலிருந்து நாலு கம்ப்யூட்டருக்குப் பெரிய படங்களை இழுக்க வைத்தோம். அதே நேரம் மேலேயும் ஏற்றினோம். தம்பி மாடியில் ஒரு போனில், ஆண்ட்டி கீழே. முதலில் ஆண்ட்டி எண்ண வேண்டும், தம்பி கேட்பார். பிறகு தம்பி எண்ண வேண்டும், ஆண்ட்டி கேட்பார். திசைக்கு ஒரு தடவை.

ஆங்கிலத்தில் ஃபோர்ட்டீனின் வால் போனால் ஃபோர் ஆகிவிடும். தமிழில் பதினாலின் தலை போனால் நாலு. பதினஞ்சு அஞ்சாகும், பதினாறு ஆறாகும். இழப்பைக் காட்ட இதைவிட நல்ல சொற்கள் எனக்குத் தெரியாது. தம்பிக்குத் தமிழ் எண் தெரியாது. ஆண்ட்டி பில் புத்தகத்தின் பின்னட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவன் அதைப் பார்த்துத் திக்கித் திக்கி வாசிக்க, ஆண்ட்டி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் லேப்டாப்பில் அப்லிங்க்கின் முன்னுரிமை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேட்டா வரிசையில் டிராப் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. குரல் வரிசையில் 0. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. "பதினெட்டை மட்டும் தப்பாகச் சொல்கிறான்," என்றார் ஆண்ட்டி. "ஆனால் முழுசாகக் கேட்கிறது."